கிடாவுக்கு இரண்டாவது ஆள்

3 நவம்பர் 2024, ஞாயிறு

கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்துப் பிள்ளைகள் போன ஆடிக்கும், கடல் ஊருக்குள் வந்த மார்கழிக்கும் நடுவில் வந்த ஐப்பசி அது. மூன்று வருடமாக மழை ஏமாற்றி, கோயமுத்தூரைச் சுற்றிக் கிணறெல்லாம் காய்ந்து கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லாதவனுக்குக் கிணற்று மோட்டார் எதற்கு? எங்கள் பம்ப் கம்பெனியில் ஆர்டர் நின்றுவிட்டது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரோபோ செய்தோம். அதற்குக் கிடா என்று பெயர் வைத்தோம்.

இதையெல்லாம் நான் போனில் சொன்னதும், "அப்ப அது ரெண்டாயிரத்து நாலுங்க ஐயா" என்றார் பேராசிரியர் குணசீலன். இருக்கும். எனக்கு வருடம் எண்ணில் நிற்காது, நடந்ததில்தான் நிற்கும்.

டாக்டருக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். வலது கை காலையில் நடுங்கியது. காபி டம்ளர் தளும்பியது. பிறகு போன் பேசும்போதும் நடுங்கியது. எப்போது நடுங்குகிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தேதி போட்டுக் குறித்துவரச் சொன்னது அவர்தான். எனக்கு எழுதப் படிக்க வராது. மகள் கலாமணி கோயமுத்தூர் கணபதியில் டிடிபி கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அடிப்பாள். கடையில் கூட்டம் குறைந்ததும் நான் சொல்லச் சொல்ல அடிக்கிறாள். என் பேச்சை அப்படியே அடித்தால் டாக்டருக்குப் புரியாதாம். திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும்.

போன் வந்த விஷயம் இது. பேராசிரியரின் கல்லூரியில் ரோபோ மல்யுத்தம் ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறதாம். வட்டத்துக்குள் இரண்டு ரோபோவை விடுவார்கள். எது எதை வெளியே தள்ளுகிறதோ அது ஜெயித்தது. அந்த முதல் வருடத்து ரோபோக்களைத் திரும்பக் கூப்பிட்டு ஓர் ஆட்டம் வைக்கிறார்கள். இருபத்து நான்காம் தேதி.

"ஆனா ஒரு நிபந்தனைங்க ஐயா. பழைய டீம் ஆளுங்க ரெண்டு பேராவது அரங்கத்துல நிக்கணும். ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் பேட்டரி சுவிட்சுகிட்ட. பாதுகாப்புக்கு. வெளியாள நிறுத்தினா அது உங்க டீமாகாதில்லீங்களா? இருபத்திரண்டாம் தேதிக்குள்ள ரெண்டு பேரு சொல்லிட்டா போதும். உங்களோட இன்னும் யாரு இருக்காங்க?"

"பாத்துச் சொல்றனுங்க" என்று வைத்துவிட்டேன்.

இந்தக் கைக்கு அடுத்த வருடம் ரோபோவை ஓட்டுகிற குச்சியைப் பிடிக்கக் கொடுத்து வைத்திருக்கிறதோ என்னவோ. ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும்.

5 நவம்பர், செவ்வாய்

கிடாவைப் பரணிலிருந்து இறக்கினோம். மாப்பிள்ளை ஒரு பக்கம், எதிர்க் கடைக்காரர் ஒரு பக்கம். அரை மூட்டை சிமெண்டு கனம் இருக்கும். "இதென்ன மாமா, தோசைக்கல்லுக்குச் சக்கரம் வெச்சாப்ல இருக்குது?" என்றார் மாப்பிள்ளை. முன்பக்கம் சரிவாக ஒரு இரும்புத் தகடு. அது எதிராளியின் அடியில் நுழைந்து தூக்கித் தள்ளும். கலாமணி துடைத்தாள். நான் சொன்னேன்.

தகட்டை வளைத்தது ஷேக் மதார் பாய். லேத்தில் அவருக்கு ஈடு இல்லை. சக்கரமும் அவர் கடைந்ததுதான். வாய் மட்டும் அடங்காது. சர்க்கரையில் ஒரு காலை எடுத்தார்கள். "இனி செருப்பு ஒண்ணு வாங்குனா போதும்டா ராக்கியா" என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சிரித்தார். அந்த வருடமே போய்விட்டார்.

கன்ட்ரோலர் போர்டைக் கையால் செய்தவர் தேவசகாயம் சார். டெஸ்டிங்கில் இன்ஜினியர். பேட்டரியில் இருக்கிற கரண்டை மோட்டாருக்கு எவ்வளவு கொடுப்பது, முன்னால் ஓட்டுவதா பின்னால் ஓட்டுவதா என்று முடிவு செய்வது அந்தப் போர்டுதான். கொரோனாவில் போனார். முகத்தைக்கூடக் காட்டவில்லை.

வயர் கொடுத்தது சென்னியப்பன். ஸ்டார்ட்டர் வயரிங்கில் முப்பது வருடம் பழுத்தவன். ஒரு நாள் காந்திபுரத்தில் பஸ் ஏறினான், ஜன்னல் சீட்டு. சிங்காநல்லூரில் இறங்க வேண்டியவன் இறங்கவில்லை. தூங்குகிறான் என்று கண்டக்டர் விட்டுவிட்டாராம்.

ஓட்டியது நான், ராக்கியண்ணன்.

"நாலு பேருதான ஆச்சு? அஞ்சாவது?" என்றாள் கலாமணி.

"வைண்டிங். மோட்டாருக்குள்ள செம்புக் கம்பி சுத்திக் காயில் கட்டுன அம்மா."

"அவிங்க பேரு?"

"அதெல்லாம் டாக்டருக்கு எதுக்கு? நீ நடுக்கத்த எழுது."

நடுக்கம் சாயங்காலம் அதிகம்.

6 நவம்பர், புதன்

மழை. நடுக்கம் இல்லை. எங்கும் போகவில்லை.

8 நவம்பர், வெள்ளி

புது கன்ட்ரோலர் கூரியரில் வந்தது. பழைய போர்டு துருவேறி இற்றுவிட்டது. அது இருந்தாலும் ஆகாது. அப்போது என் கையில் இருந்த பெட்டிக்கும் கிடாவுக்கும் நடுவில் நீள வயர் உண்டு. இப்போது வயர் கூடாதாம், ரிமோட்டில்தான் ஓட்ட வேண்டுமாம்.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. இவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு இரண்டு மோட்டாரையும் இது மேய்த்துவிடுமா என்று இருந்தது. கலாமணி காகிதத்தைப் படித்தாள். தடிமனான சிவப்பும் கருப்பும் பேட்டரிக்கு. அந்தப் பக்கம் ஒரு ஜோடி இடது மோட்டாருக்கு, இந்தப் பக்கம் ஒரு ஜோடி வலது மோட்டாருக்கு. மெல்லிசாகப் போகிற மூன்று வயர் ரிமோட்டின் பேச்சைக் கேட்கிற டப்பாவுக்கு.

நமஸ்காரம் பண்ணுகிற மாதிரி இரண்டு கையையும் சற்று விலக்கி வைத்துப் பாருங்கள். கிடாவில் மோட்டார்கள் அப்படித்தான் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி வயர் கொடுத்தால் ஒரு சக்கரம் முன்னால் போகும், ஒன்று பின்னால் வரும். அதனால் ஒரு மோட்டாருக்குச் சிவப்பையும் கருப்பையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். மோட்டார் தொட்டவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

குச்சியை முன்னால் தள்ளினேன். கிடா நின்ற இடத்தில் வட்டமடித்தது. செக்கு மாடு மாதிரி.

இங்கேதான் கை தன் வேலையைக் காட்டியது. கம்பெனியில் பம்ப் தலைகீழாகச் சுற்றினால் யோசிக்கவே மாட்டோம். ஸ்டார்ட்டருக்கு வருகிற த்ரீ பேஸ் கரண்டின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் நேராகிவிடும். நாற்பது வருடம் போட்ட கை. நான் வாயைத் திறக்கும் முன்னால் அது பேட்டரியிலிருந்து வருகிற சிவப்பையும் கருப்பையும் மாற்றிப் போட்டுவிட்டது.

டப் என்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை. கடை முழுக்கக் கருகின நாற்றம்.

"அப்பா!"

"ஒண்ணுமில்ல சாமி. கன்ட்ரோலர் போச்சு."

"அதான் தெரியுதே! பேட்டரி வயர மாத்தாதீங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது, இப்பத்தான படிச்சேன்!"

"நானுங் கேட்டேன். கை கேக்கல."

சென்னியப்பன் அன்றைக்கு இதையேதான் செய்தான். தேவசகாயம் சார் முதலில் செய்த போர்டு அப்படித்தான் புகைந்தது. சார் தலையில் கை வைத்து உட்கார்ந்து, "அண்ணா, இது த்ரீ பேஸ் இல்லீங்கண்ணா, த்ரீ பேஸ் இல்ல" என்றார், அழுகிற மாதிரி. சென்னியப்பன் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். பஸ் ஏறுகிற அன்று காலையில்கூடப் பண்ணினேன். இப்போது மேலே இருந்து சிரித்திருப்பான்.

வயர் மாற்றும்போது நடுக்கம் இல்லை. இருந்திருந்தாலாவது தப்பித்திருக்கும்.

9 நவம்பர், சனி

இன்னொரு கன்ட்ரோலருக்குச் சொல்லியாகிவிட்டது. கலாமணி பேசவில்லை. மத்தியானம் பேசினாள்.

11 நவம்பர், திங்கள்

பேராசிரியர் போன் பண்ணினார். "ரெண்டாவது ஆள் ஆச்சுங்களா ஐயா?" என்றார். கன்ட்ரோலர் வரட்டும் என்றேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. கலாமணி கேட்டாள்.

"ஏனுங்ப்பா, அந்தக் காயில் கட்டுன அம்மா இருக்கறாங்களா இல்லியா?"

"கெடாவுல அவிங்க வேல காயில் கட்டறது மட்டுந்தான்" என்றேன்.

அப்படிச் சொன்னது முழுக்கச் சரியில்லை. இரண்டு மோட்டாரையும் பிரித்து, கம்பெனி சுற்றியிருந்த மெல்லிசுக் கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த கம்பியாகச் சுற்றிக் கொடுத்தார்கள். இழுவை கூடும். அது போக ஆட்டத்தின்போது வயர் தூக்குகிற வேலையும் அந்த அம்மாவுடையதுதான். என் கைப்பெட்டியிலிருந்து கிடாவுக்குப் போகிற வயர் தரையில் கிடந்தால் சக்கரத்தில் சிக்கிவிடும். ஓர் ஆள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டும். முதலில் சென்னியப்பன் பிடித்தான். நான் இடது பக்கம் திருப்பினால் அவன் வலது பக்கம் போவான். இரண்டு தடவை வயரைப் பிடுங்கிவிட்டான். அந்த அம்மா வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு பிரச்சினை இல்லை. நான் திருப்பப் போவது நான் திருப்பும் முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். சொல்லிக்கொள்வதே கிடையாது. எப்படித் தெரியும் என்று ஒரு நாள் கேட்டேன். "உங்க தோளப் பாத்தாத் தெரியுமுங்க" என்றார்கள். மற்ற எல்லோரையும் அண்ணா, பாய், சார் என்பார்கள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "ஏனுங்க" என்பதோடு சரி. அவசரத்தில் அப்படித்தான் வரும்.

கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக ஒரு பாலிடெக்னிக் ரோபோ. முன்னால் கூரான பல் வைத்தது. நல்ல ஆட்டம். கிடா அதை விளிம்பு வரைக்கும் தள்ளிவிட்டது. இன்னும் ஒரு முழம் தள்ளினால் கோப்பை. அந்த இடத்தில் நான் குச்சியை விட்டுவிட்டேன். பேட்டரி இறங்கிவிட்டது. அது எங்களைத் திருப்பித் தள்ளிவிட்டது. இரண்டாம் பரிசாக ஆளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். "பேட்டரியாடா எறங்குச்சு?" என்று ஷேக் மதார் பாய் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு எதிலும் விளையாட்டுதான்.

அந்த அம்மா அடுத்த தை மாதம் வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். மூட்டு வலி என்றார்கள்.

கலாமணி அடிப்பதை நிறுத்திவிட்டு, "எங்கல்யாணம் அந்த மாசியிலதான?" என்றாள்.

ஆமாம் என்றேன். அதற்கு முந்தைய வருடங்களில் கல்யாணச் செலவுக்கு வழியில்லை. அவள் அம்மா பாவாயி இறந்து மூன்றாம் வருடம் அது.

நடுக்கம் உண்டு. எப்போது என்று கவனிக்கவில்லை.

14 நவம்பர், வியாழன்

இரண்டாவது கன்ட்ரோலர். இந்தத் தடவை பேட்டரி வயரைக் கலாமணியே மாட்டி, டேப் சுற்றி, "இத நீங்க தொடவே கூடாது" என்று கடையில் இருந்தவர்கள் முன்னால் சொன்னாள்.

மாட்டினதும் உடனே ஓட்ட முடியாது. ரிமோட்டில் இரண்டு குச்சி. இரண்டையும் நடுவில் நிறுத்தி, இதுதான் நடு என்று அதற்குக் காட்ட வேண்டும். பிறகு கோடி வரைக்கும் முன்னால் தள்ளி, கோடி வரைக்கும் பின்னால் இழுத்து, இவ்வளவுதான் எல்லை என்று காட்ட வேண்டும். புரிந்துகொண்டால் பச்சை விளக்கு எரியும். எரிந்தது. புது மாடு ஆள் பழகுகிற மாதிரி இருக்கிறது.

தேவசகாயம் சார் போர்டுக்கு ஒன்று பாய்ச்சல், இல்லாவிட்டால் நிறுத்தம். நடுவில் எதுவும் தெரியாது. இது நான் குச்சியை நகம் அளவு தள்ளினால் நகம் அளவு நகர்கிறது. அதில்தான் வம்பு வந்தது. குச்சியை நடுவில் வைத்திருந்தாலும் என் கை சும்மா இருப்பதில்லையே. கிடா நின்ற இடத்தில் நடுங்கியது. கை எப்படி நடுங்குகிறதோ அப்படியே. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். வெளியே தரையில் வைத்து என் நடுக்கத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கலாமணி காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் நின்று படித்தாள். அதற்கும் வழி இருக்கிறதாம். நடுவில் குச்சி இவ்வளவு வரைக்கும் அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று கன்ட்ரோலருக்குச் சொல்லிவைக்கலாமாம். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து ஏதோ செய்தாள். கிடா அமைதியாக நின்றது. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அது கண்டுகொள்ளவில்லை. தங்கமான யந்திரம்.

குச்சியைத் தள்ளினேன். மறுபடியும் வட்டம். இப்போது யோசித்து, பேட்டரி பக்கம் போகாமல், வலது மோட்டாருக்கு மாற்றிக் கொடுத்திருந்த சிவப்பையும் கருப்பையும் நேராக்கினேன். கிடா நூல் பிடித்த மாதிரி நேராக ஓடி, ஜெராக்ஸ் மிஷினில் போய் முட்டியது.

"ஓடிருச்சு!" என்று கலாமணி கை தட்டினாள்.

ஓடிவிட்டது, சரி. ஆனால் அது ஓடக் கூடாது. எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு மோட்டாருக்கும் சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு கொடுத்திருக்கிறது. வட்டம்தான் அடிக்க வேண்டும். மோட்டாருக்குள்ளே என்னவோ இருக்கிறது. அது காயில் கட்டினவர்களுக்குத்தான் தெரியும்.

"ஞாயித்துக்கெழம ஆனமலை போயிட்டு வர்றேன்" என்றேன்.

"ஆனமலையில யாரு?"

"அந்த அம்மா பையங்கூட அங்கதான் இருக்கறாங்க. காயில் எப்படிக் கட்டுனாங்கன்னு கேக்கோணும்."

"அதான் ஓடுதில்லீங்ப்பா? அப்பறம் என்னத்தக் கேக்கறது?"

"ஏன் ஓடுதுன்னு தெரியாம ஒரு மோட்டார ஓட்டக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "இருவது வருசமா இருக்கற எடம் தெரிஞ்சிருக்குது" என்று தனக்குள் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, இதையும் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

17 நவம்பர், ஞாயிறு

உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் மாறி, ஆனைமலை. கலாமணி சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். நான் கேட்கவில்லை.

பையன் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். வீடும் கடையும் ஒன்றுதான். அந்த அம்மா உள்ளே ஒரு பலகையில் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. கண்ணாடி போட்டிருக்கிறார்கள். நிமிரவில்லை.

"வாங்க. உக்காருங்க. இந்தச் சுத்து முடிஞ்சரட்டும்" என்றார்கள்.

"யாருன்னு பாக்காமயே சொல்றீங்க?"

"செருப்ப வாசல்ல ஜோடி சேத்து விடற ஆளு கம்பெனியிலயே ஒருத்தருதான்."

சுற்றி முடித்து, நூல் போட்டுக் கட்டி, பிறகுதான் எழுந்தார்கள். மூட்டு வலி நிஜமாகவே வந்துவிட்டது. சுவரைப் பிடித்து நடக்கிறார்கள். காபி கொடுத்தார்கள். என் டம்ளரில் மட்டும் பாதிதான் இருந்தது. குடித்து முடித்ததும் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். மறுபடியும் பாதிதான்.

சென்னியப்பன் போனதைக் கேட்டார்கள். சொன்னேன். பாய், சார் எல்லோரும் போனது தெரிந்திருந்தது. "பஸ்ஸுல உக்காந்தே போனாங்களா? டிக்கெட் எடுத்திருந்தாங்களா?" என்றார்கள். எடுத்திருந்தான் என்றேன். "அதுவரைக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு, சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

நான் கிடாவையும் இருபத்து நான்காம் தேதி ஆட்டத்தையும் சொன்னேன். வட்டமடித்தது, புகைந்தது, நேராக ஓடியது.

"பேட்டரி வயர மாத்துனீங்களா? நீங்களா?"

"கை மாத்திருச்சு."

"நல்லா இருக்குது போங்க! சென்னியப்பண்ணன அந்தக் கிண்டல் பண்ணுனீங்க." நன்றாகச் சிரித்தார்கள். பையன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

பிறகு சொன்னார்கள். "ஒரு மோட்டார வலஞ்சுழியா சுத்துனேன், ஒண்ண எடஞ்சுழியா சுத்துனேன். அப்பறம் ரெண்டுக்கும் செவப்புக்குச் செவப்பு குடுத்தாத்தான் நேரா ஓடும்."

"எதுக்கு அப்படி? யாரும் சொல்லலியே."

"அண்ணன் மொத போர்டப் பொகைய வெச்சாங்கல்ல? மறுக்கா எதாச்சும் மாத்தி வெச்சாங்கன்னா அங்க அரங்கத்துல நீங்கதான நிப்பீங்க? போர்டுல சார் எழுதி வெச்சிருந்ததப் படிச்சுப் பாத்துத் திருத்தவா போறீங்க? நெறம் தெரியுமில்ல. நெறத்துக்கு நெறம் குடுத்தா நேரா ஓடோணும், அம்புட்டுத்தான்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"இருந்த பேச்சு பத்தாதுன்னா?" என்றார்கள்.

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனியில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். வயர் தூக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். கலாமணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காதுக்கும் போனது. பிறகு போகவில்லை, தை மாதத்தோடு அடங்கிவிட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்தார்கள். "ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்குக் கடசி ஆட்டத்துல குச்சிய எதுக்கு விட்டீங்க?"

"பேட்டரி எறங்கிருச்சு."

"பேட்டரி நல்லா இருந்துச்சு. ஆட்டம் முடிஞ்சதும் நாந்தான் மீட்டர் வெச்சுப் பாத்தேன். அந்தப் பாலிடெக்னிக்காரன் பல்லு என் காலுக்குக் கிட்டத்துல வந்துச்சு. தள்ளியிருந்தீங்கன்னா வட்டத்துக்கு வெளிய எங்கால் மேலதான் அது வந்து விழுந்திருக்கும். செருப்பும் போடல நானு."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"இருவத்தி நாலாந்தேதி எத்தன மணிக்கு?" என்றார்கள்.

"பத்து மணிக்கு. எதுக்குங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான். மாடியா, கீழயா?"

"கீழதான்."

சரி என்றார்கள். பஸ் வந்துவிட்டது. இரண்டாவது ஆள் விஷயத்தை நான் கேட்கவில்லை. மூட்டு வலியோடு இருக்கிறவர்களை எப்படிக் கேட்பது?

டாக்டருக்கு: ஆனைமலையில் இருந்த நேரத்தில் நடுக்கம் இருந்ததா என்று பார்க்க மறந்துவிட்டேன்.

18 நவம்பர், திங்கள்

ஒன்றும் இல்லை. பேட்டரி சார்ஜ் போட்டேன்.

20 நவம்பர், புதன்

கடைக்குப் பின்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஓட்டிப் பழகினேன். மாப்பிள்ளை பழைய தையல் மிஷின் தலையை எதிராளியாக வைத்தார். கிடா அதை வெளியே தள்ளியது. முதலில் மெதுவாக நெருங்கி, தகடு அடியில் நுழைந்ததும் இரண்டு குச்சியையும் ஒன்றாகத் தள்ள வேண்டும். பழைய போர்டில் இந்த நிதானம் கிடையாது.

இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் அனிச்சையாகப் பக்கத்தில் பார்த்துவிடுகிறேன். யாரும் வயர் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. வயரே இல்லை.

"யாரத் தேடறீங்க மாமா?" என்றார் மாப்பிள்ளை.

கலாமணி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். "நாளன்னிக்குத்தான் கடைசி நாளு. ஆள் சொல்லலீன்னா கெடாவ மறுபடியும் பரண்ல ஏத்த வேண்டியதுதான்" என்றாள். "நானே நிக்கலாமான்னு அந்த சாரக் கேட்டேன். ஆகாதுன்னுட்டாரு."

நடுக்கம் காலையிலும் மாலையிலும்.

21 நவம்பர், வியாழன்

நான் குளித்துக்கொண்டிருந்தபோது கடைக்கு ஒரு போன். கலாமணிதான் எடுத்தாள். அவள் சொன்னது இது.

"ராக்கியண்ணன் மகளுங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"காயில் கட்டறவன்னு சொல்லு கண்ணு, தெரியும். ஒரே ஒரு சமாச்சாரம் கேட்டுச் சொல்லோணும். அரங்கத்துக்குள்ள இந்தத் தடவ செருப்புப் போட்டுட்டு நிக்கலாமான்னு."

"நிக்கலாமுங்க. ஷூவே போடச் சொல்றாங்க."

"ஷூவெல்லாம் வேண்டாஞ்சாமி, செருப்புப் போதும். எத்தன கொழந்தைக உனக்கு?"

இரண்டு என்றாளாம். "நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம்.

நான் துண்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கலாமணி சிரித்துக்கொண்டே சொல்லி முடித்து, பிறகு சிரிப்பு நின்று, உள்ளே போய்விட்டாள்.

22 நவம்பர், வெள்ளி

காலையில் கடையில் உட்கார்ந்திருந்தோம். யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை திரையில் இருந்தது. பேராசிரியர் கூப்பிட்டார். கலாமணி போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசை மேல் வைத்தாள்.

"ஐயா, இன்னிக்குக் கடைசி. நெஞ்சுல குத்தற அட்டை அடிக்கணும். உங்க பேரு எழுதிட்டேன். அடுத்தது சொல்லுங்க."

"தேவசகாயம் சார் இல்லீங்க" என்றேன்.

"சரிங்க ஐயா."

"ஷேக் மதார் பாயும் இல்லீங்க. சென்னியப்பனும் இல்லீங்க."

"அடடா. அப்ப யாருமே இல்லீங்களா?"

"இருக்கறாங்க."

"சந்தோசம்! பேரு?"

அந்தப் பெயரை நான் இந்த வீட்டில் சொன்னதில்லை. கம்பெனியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன பெயர்தான். பெண் பார்க்க வந்தவர்களில் ஓர் அம்மாள் இதே கடை இருக்கிற இடத்தில், அப்போது இது எங்கள் முன்னறை, உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டாள். கலாமணி சமையலறையில் இருந்தாள். அவள் காதில் விழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கம்பெனியில் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே கேட்டு, தெரிந்துகொண்டு, தை பிறந்ததும் நின்றுகொண்டார்கள்.

கை நடுங்கியது. மேசையில் இருந்த பென்சில் டப்பா கடகடவென்று ஆடியது. கலாமணி அதை நகர்த்தி வைத்தாள்.

"ஐயா? லைன்ல இருக்கீங்களா?"

"சொல்லுங்ப்பா" என்றாள் கலாமணி. மெதுவாகத்தான் சொன்னாள். "எனக்கு அன்னிக்கே கேட்டுச்சு. அவிங்க நின்னதுனாலதான் எங்கல்யாணம் நடந்துச்சுன்னும் தெரியும். வெளிப்படையா கேக்கறதுக்கு எனக்கு வாய் வரல, அவ்வளவுதான். சொல்லுங்க. நா அடிக்கறேன்."

விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

சொன்னேன்.

பூவாத்தாள்.